இரண்டாம் நம்பர் மார்கரெட்

என் மாமியார் மார்கரெட் பொய் சொல்ல மாட்டார். பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லாத மாமியாரோடு ஒரே வீட்டில் ஆறு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கல்யாணமாகி மூன்றாம் நாள் நான் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "புளி ஜாஸ்தி, உப்பு கம்மி. மீனு மட்டும் நல்லா கீது. அதுல உன் கை இல்ல" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மதுராந்தகத்தில் என் அம்மா வீட்டில் என்னைப் பட்டாசு என்பார்கள். அப்படிப்பட்ட நானே இந்த அம்மாளிடம் தோற்றுப்போனேன். உண்மையைச் சொல்கிறவரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

புதுப்பட்டினத்தில் முப்பத்தோரு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவர் அத்தை. மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எடை குறைந்தால் மேலே கேள்வி வரும், அறிக்கை கேட்பார்கள், அலைய வேண்டும். அதனால் பார்வையிட வந்த மேடம் ஒருவர், "பதினொன்னு நானூறா? பன்னெண்டுன்னு போட்டுடுங்களேன்" என்றாராம். அத்தை குழந்தையைத் தராசிலிருந்து இறக்கி அவர் மடியில் உட்கார வைத்தார். "நீங்க ஆறுநூறு கிராம் ஏத்திக் குடுங்க மேடம். நான் ஏத்தி எழுதறேன்" என்றார். அதோடு முடிந்தது அவருடைய நல்ல பெயர். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் எழுந்து நின்று திட்டு வாங்கினார். ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வாங்காமல் ரிட்டயர் ஆனார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் யார் கேட்டாலும் இல்லை என்பார் என்று நான் எழுத முடியாது. கேட்டால், "இருக்குது" என்றுதான் சொல்வார்.

இப்படிப்பட்டவர் வீட்டைத் தேடி, போன வருஷம் அந்தப் பெட்டி வந்தது.

எந்த வீட்டில் எந்த சேனல் ஓடுகிறது என்று கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஹரிஹரன் என்கிற இளைஞர் வந்தார். செங்கல்பட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறைய 'அம்மா'. டிவி பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியை வைத்தார். கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்தார். வீட்டில் ஆளுக்கு ஒரு நம்பர். மாமா தேவசகாயம் ஒன்று, அத்தை இரண்டு, என் வீட்டுக்காரர் ஜோயல் மூன்று, நான் நாலு. விருந்தாளிக்குத் தனியாக ஒரு பட்டன். டிவி பார்க்க உட்கார்ந்தால் அவரவர் நம்பரை அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும்.

"இன்னும் ரெண்டே விஷயம்மா" என்றார் ஹரிஹரன். "இந்தப் பெட்டி எதுக்குன்னு வெளியாளுங்க யாருக்கும் சொல்லக் கூடாது. சேனல்காரங்களுக்குத் தெரிஞ்சா காசு குடுத்து உங்கள வளைக்கப் பாப்பாங்க. அப்புறம், வீட்ல யாரும் டிவி சம்பந்தப்பட்ட வேலைல இருக்கக் கூடாது. உங்க ஒரு வீடு பல ஆயிரம் வீட்டுக்குப் பதிலா பேசப் போவுது."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பல ஆயிரம் வீடு! முப்பத்தோரு வருஷத்தில் அவர் எழுதிய எண்ணை யாராவது மதித்திருக்கிறார்களா?

"தம்பி, பாக்கறதுன்னா இன்னா?" என்று கேட்டார்.

"புரியலம்மா."

"கண்ணு டிவி மேல கீது, மனசு அடுப்பு மேல கீது. அது பாக்கறதா, இல்லியா?"

"ரூம்ல இருந்தா போதும்மா."

"ரூம்ல இருக்கறதும் பாக்கறதும் ஒண்ணா? எங்க வூட்டுக்காரரு முப்பத்தஞ்சு வருசமா இதே ரூம்ல தான் கீறாரு. என்னப் பாத்தாரா?"

மாமா பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ஹரிஹரன் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் டிவி பார்ப்பது ஒரு உத்தியோகமாகிவிட்டது. விளம்பரம் வந்தால் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், உடனே இரண்டை அணைப்பார். விளம்பரம் முடிந்தால் மறுபடி இரண்டு. குக்கர் விசில் அடித்தால் அணைப்பார். தும்மல் வந்தால் அணைப்பார். ஒரு மணி நேரச் சீரியலில் முப்பது தடவை அமுக்குவார். நான் சும்மா டிவி முன்னால் நடந்து போனால்கூட, "நீ பாக்கறியா, போறியா? ஒண்ணு சொல்லு" என்று ரிமோட்டோடு நிற்பார். போதகர் ஐயா வீட்டு ஜெபத்துக்கு வந்தபோது நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போனதும், "ஐயா, இத ஒரு தபா அமுக்கிடுங்க" என்று ரிமோட்டை நீட்டினார். ஐயாவும் ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக் கண்ணை மூடி அமுக்கினார்.

தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பெரிய பேஜாராகப் போயிற்று. பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்வி வந்து, "இது இன்னாக்கா பொட்டி?" என்று கேட்டாள்.

"அது ஒரு மிஷினு" என்றார் அத்தை.

"இன்னா மிஷினு?"

"சொல்லக் கூடாது."

வேறு ஊராக இருந்தால் இதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். அணுமின் நிலையத்தின் நிழலில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: கதிர்வீச்சு அளக்கிற மிஷின். அடுத்த நாளிலிருந்து தமிழ்ச்செல்வி தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எவ்ளோ காட்டுதுக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள். டிவி ஓடும்போது யாரும் நம்பர் அமுக்காவிட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். ஒரு நாள் மாமா டிவியைப் போட்டுவிட்டு அமுக்காமல் தூங்கிவிட்டார். விளக்கு மின்னியது. அதைத் தமிழ்ச்செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். கொடியில் காய்ந்த துணியை அள்ளினாள், பிள்ளைகளை உள்ளே தள்ளினாள், ஜன்னலைச் சாத்தினாள். அரை மணி நேரத்தில் தெருவே ஜன்னலைச் சாத்தியது. மீன்கார அம்மாவை நிறுத்தி, "இது இந்தப் பக்கம் புடிச்ச மீனா, அந்தப் பக்கம் புடிச்ச மீனா?" என்று விசாரணை நடந்தது.

அத்தை வாசலில் நின்று, "ஆபத்து ஒண்ணும் இல்ல" என்றார்.

"அப்ப அது இன்னான்னு சொல்லு!"

"சொல்லக் கூடாது."

இந்த இரண்டு பதிலையும் சேர்த்துச் சொன்னால் எந்த ஊரிலும் ஜனங்கள் மூட்டை கட்டத்தான் செய்வார்கள். நான் வெளியே போய், "கரண்ட் கம்மியா வந்தா காட்டற மிஷினு, போங்க" என்று கத்திவிட்டு வந்தேன். தெரு கலைந்தது. பொய் சொன்னதற்காக அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் அதை நன்றாகவே கவனித்தேன், நிம்மதியாக இருந்தது.

ஏழு மாதம் இப்படி ஓடியது. அப்புறம்தான் மாமா நடிகர் ஆனார்.

மாமா முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், முட்டுக்காட்டில் சீரியல் ஷூட்டிங் நடக்கிற பங்களாவுக்குச் சாப்பாட்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வருகிற 'கொடிவீட்டு வாரிசு' அங்கேதான் எடுத்தார்கள். ஒரு நாள் பணக்கார வீட்டு டிரைவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டைரக்டர் தீனதயாளன் சுற்றுமுற்றும் பார்த்தார். சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்த மாமாவின் வெள்ளை மீசை கண்ணில் பட்டது. "அண்ணாத்த, இந்தக் காக்கிச் சட்டையப் போட்டுகினு கார் பக்கத்துல நில்லு" என்றார். மாமா நின்றார். வசனம் மூன்று வார்த்தை: "அம்மா, வண்டி ரெடி."

முப்பது வருஷ டிரைவர் பேசினால் இயல்பாகத்தானே இருக்கும்? டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. முத்தையா என்று பெயர் வைத்து, வாராவாரம் நிற்கச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு குறை, அந்தக் காரை ஓட்ட விடவில்லை. கார் வாடகைக்கு வந்தது, அதற்கு வேறு டிரைவர் இருந்தார்.

வீட்டில் மாமா படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா? காலையில் பல் விளக்கிக்கொண்டே, "அம்மா, வண்டி ரெடி." சோகமாக ஒரு தடவை, பணிவாக ஒரு தடவை, ஏதோ ரகசியம் தெரிந்தவன் மாதிரி ஒரு தடவை. நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போதும் அதே. "மாமா, எனக்கு ஷேர் ஆட்டோதான்" என்றால், "ஒரு பேச்சுக்குச் சொல்றேம்மா" என்பார்.

அத்தைக்கு வேறு கவலை. "டிவில வேல செய்யறவங்க வூட்ல இருக்கக் கூடாதுன்னு ஹரிஹரன் தம்பி சொல்லிச்சே."

"நான் இன்னா நடிகனா? நான் டிரைவரு. அங்கயும் டிரைவராத்தான நிக்கறேன்?" என்றார் மாமா.

அத்தை யோசித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பார்க்க ஹரிஹரன் வருவார். "அடுத்த தபா வந்தா கேட்டுடுவேன்" என்று முடித்தார்.

முதல் சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மாமா வந்தார், நின்றார், சொன்னார், போனார். பதினோரு நொடி. மாமா மெதுவாக அத்தை பக்கம் திரும்பினார்.

"எப்டி மே?"

"நல்லா நின்ன" என்றார் அத்தை. "நாடகம் நல்லா இல்ல."

அடுத்த வாரம் எட்டு மணிக்கு அத்தை எதிர் சேனலைப் போட்டுவிட்டார். அங்கே அதே நேரத்தில் 'கீழ்வீட்டு கிருத்திகா'. முதல் நாளிலிருந்து அவர் விடாமல் பார்க்கிற கதை. கிருத்திகா என்கிற நர்ஸ் பெண், அவளை ஏமாற்றுகிற முறைமாமன், நல்லவனான ஒரு கம்பவுண்டர். அவளுக்கும் அந்தக் கம்பவுண்டருக்கும் கல்யாணம் நடக்குமா என்று ஒன்றரை வருஷமாக அத்தை காத்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. "நான் வர்றத நீ பாக்க மாட்டியா?"

"உன்னப் பாக்கணும்னா இங்கியே பாத்துக்கறேன். பதினோரு செகண்டுக்காக அந்த ஒரு மணி நேரத்த எவ பாப்பா? அந்தப் பொண்ணு அழுதுகினே இட்லி துண்ணுது. யாராவது அழுதுகினே இட்லி துண்ணுவாங்களா?"

நான் அப்போது மாமா கட்சி. கட்டின புருஷன் டிவியில் வருகிறான், கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? இந்த அம்மாளுக்கு நெஞ்சில் இருப்பது என்ன, எடைக்கல்லா?

விஷயம் முற்றியது ஒரு வியாழக்கிழமை. வியாழன்தான் போன வாரக் கணக்கு வெளியாகும் நாள். அன்று ஷூட்டிங்கில் யாருக்கும் காபி இறங்காதாம். டைரக்டர் போனைப் பார்ப்பார், மற்ற எல்லோரும் டைரக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த வாரம் கிருத்திகா கொடிவீட்டை மிதித்துத் தள்ளியிருந்தாள். டைரக்டர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். கதைக்கு இரண்டு பாதை எழுதி வைத்திருக்கிறார்களாம். இரண்டு வாரத்தில் கணக்கு ஏறினால், டிரைவர் முத்தையாதான் கதாநாயகியின் சொந்த அப்பா என்று தெரிய வரும். பிறகு வாராவாரம் பெரிய பெரிய வசனம், கோயில் காட்சி, ஒரு அழுகைக் காட்சி. இறங்கினால், முத்தையா லாரியில் அடிபட்டுச் சாவான்.

மாமா வேனை ஓட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். "மார்கரெட்டு, என் உசுரு உன் விரல்ல கீது" என்றார்.

"இன்னா ஒளர்ற?"

"நீ ரெண்டு அமுக்கினா பல ஆயிரம் பேரு அமுக்கின மாரி. ரெண்டே வாரம். டிவிய நம்ம சேனல்ல வுட்டுட்டு நீ போய்ப் படு. நான் அப்பாவாயிடுவேன். இல்லன்னா லாரி."

"நீ சொல்றது பல ஆயிரம் பொய்யி" என்றார் அத்தை. "ஒரு பொய்யே என்னால ஆவாது."

அந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தை கிருத்திகாவைத்தான் பார்த்தார். மாமா பின்கட்டில் உட்கார்ந்து போனில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை மதுராந்தகத்தில் என் தங்கை பிரிசில்லாவுக்கு நிச்சயதார்த்தம். அத்தையும் நானும் மத்தியானமே போய்விட்டோம். ஜோயலுக்கு மறைமலை நகரில் ஷிப்ட். மாமா, "வயிறு சரியில்ல" என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது பஸ் எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்துவிட்டது. எட்டரைக்கெல்லாம் வீட்டு வாசலில் இருந்தோம்.

உள்ளே மாமா பனியனோடு தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு நிறைய மசால் வடை, சரியில்லாத வயிற்றுக்கு. டிவியில் கொடிவீட்டு வாரிசு. பெட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. விருந்தாளி பட்டனில் மூன்று பேர்.

அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் எங்க கீறேன்?"

"இங்க" என்றார் மாமா. வடை பாதி வாயில்.

"எட்டு மணிக்கு எங்க இருந்தேன்?"

"பஸ்ல."

"பஸ்ல இருந்தவ இந்த நாடகத்த எப்டிப் பாத்தேன்?"

மாமா வடையை விழுங்கினார். "ஏழு பேரு பாத்தாத்தான் மே நான் பொழைப்பேன்."

"அந்த மூணு விருந்தாளி யாரு?"

"சும்மா, ஒரு மரியாதைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அத்தை போனை எடுத்து அங்கேயே நின்றபடி ஹரிஹரனைக் கூப்பிட்டார். "தம்பி, எங்க வூட்ல ஒரு நடிகரு கீறாரு. அவரு ஒண்டியா ஒக்காந்துகினு ஏழு பேரு பாக்கறாப்பல அமுக்கி வெச்சிருக்காரு. எம் பேருல ஒரு பொய் கீது. வந்து எடுத்துகினு போ" என்றார். மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஹரிஹரன் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஐயா அமுக்கினதப் பத்திக் கவலப்படாதீங்க. நாப்பது செகண்டுக்குள்ள ஏழு பேர் வந்து உக்காந்தா கம்ப்யூட்டரே சந்தேகப்பட்டு ஒதுக்கிடும். அன்னிக்கே ஒதுக்கிடுச்சு. கணக்குல சேரல."

"அப்பாடா" என்றார் அத்தை.

"ஆனா..." ஹரிஹரன் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "உங்க வீட்டுக் கணக்கு எதுவுமே சேரலம்மா. எட்டு மாசமா."

"இன்னா?"

"ரெண்டாம் நம்பர் ஒரு மணி நேரத்துல முப்பது வாட்டி அணைஞ்சு எரியுது. மனுஷங்க யாரும் இப்படிப் பாக்க மாட்டாங்கன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு. ஒண்ணு மிஷின் கெட்டுப்போச்சு, இல்ல யாரோ வெளையாடறாங்கன்னு முதல் வாரத்துலேர்ந்தே ஒதுக்கி வெச்சிடுச்சு. எனக்கே நேத்துதான் தெரியும். மன்னிச்சிடுங்கம்மா."

பொய் சொன்ன மாமாவின் சனிக்கிழமையும் உண்மை சொன்ன அத்தையின் எட்டு மாதமும் ஒரே குப்பைக்கூடையில். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அந்தக் கம்ப்யூட்டரக் கூட்டிட்டு வாங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அத்தைக்காக நான் சண்டைக்கு நின்றேன்.

அத்தை மெதுவாக, "எடை போடறப்பவும் இப்டித்தான் சொன்னாங்க" என்றார். "நீ எழுதறது நம்பற மாரி இல்லன்னு." அவ்வளவுதான். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹரிஹரன் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். டிவி பக்கத்தில் சதுரமாகத் தூசி இல்லாத இடம் ஒன்று மிச்சம் இருந்தது. தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்து, "ஐயோ, மிஷின எடுத்துட்டாங்களா? இனிமே எப்டி தெரிஞ்சிக்கறது?" என்று கவலையோடு போனாள்.

அந்த வியாழக்கிழமை கணக்கு இன்னும் இறங்கியது. லாரிதான்.

மாமா ஷூட்டிங்கிலிருந்து வந்து பின்கட்டில் குளித்தார். கழுத்திலிருந்து சிவப்புச் சாயம் போகவே இல்லை. நான் துண்டு கொடுக்கப் போனேன்.

"வெயில்ல மூணு மணி நேரம் ரோட்டுல படுக்க வெச்சிட்டாங்கம்மா. பரவால்ல. டைரக்டராண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். தப்பு லாரிக்காரன் மேலன்னு காட்டுங்க, முப்பது வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன் நான், எம் மேல தப்பு வரக் கூடாதுன்னு சொன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"லாரிக்கு இண்டிகேட்டர் இல்லன்னு ஒரு வசனம் வெக்கறேன்னாரு."

தலையைத் துவட்டிக்கொண்டார். "பல ஆயிரம் வூட்டுல பாக்கணும்னு எனக்கு இன்னாம்மா? நான் செத்தா இன்னா, அப்பா ஆனா இன்னா. வாழ்க்கைல ஒரே தபா எல்லார் முன்னாலயும் வந்து நின்னேன். இவ பாக்கணும்னு ஆசப்பட்டேன். வேற ஒண்ணும் இல்ல. எம் மேல இன்னும் கோவமா கீறா, கேக்க முடியல."

போய் அத்தையிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்த அம்மாளிடம் ஒருவருக்காகப் பரிந்து பேசினால், நியாயம் எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் விசாரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை முத்தையா சாகிற நாள். எதிர் சேனல் சும்மா இருக்குமா? அதே எட்டு மணிக்கு, கிருத்திகாவுக்கும் கம்பவுண்டருக்கும் கல்யாணம், இரண்டு மணி நேரச் சிறப்புக் காட்சி என்று வாரம் முழுக்க விளம்பரம் போட்டார்கள். ஒன்றரை வருஷமாக அத்தை காத்திருந்த கல்யாணம். காலையிலேயே தமிழ்ச்செல்வி வந்து, "அக்கா, ராத்திரி கல்யாணத்துக்கு ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏழே முக்காலுக்கு மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "கடை வரைக்கும் போய் வரேன்" என்றார்.

"ஒக்காரு" என்றார் அத்தை.

மாமா உட்கார்ந்தார். அத்தை முகம் கழுவி, பவுடர் போட்டு, சபைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டார். எட்டு மணிக்கு டிவியைப் போட்டார். கொடிவீட்டு வாரிசு.

"கிருத்திகா கல்யாணம் இன்னிக்கு" என்றார் மாமா, தயங்கித் தயங்கி.

"தெரியும்."

"இப்ப யாரும் எண்ணல மே. நீ பாத்தாலும் ஒண்ணும் ஆவாது."

"எண்ணினப்ப பாத்திருந்தா அது உன் கணக்குக்குப் பாத்தது" என்றார் அத்தை. "பேசாத. ஆரம்பிச்சிடுச்சு."

அரை மணி நேரம் ஓடியது. கதாநாயகி அழுதாள். இந்தத் தடவை உப்புமா. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரம் வந்தபோதுகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் முத்தையா காக்கிச் சட்டையோடு ரோட்டைக் கடந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், ஒழுங்காகத்தான் கடந்தான். லாரி வந்தது. "ஐயோ, இண்டிகேட்டரே போடாம வந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். முத்தையா ரோட்டில் கிடந்தான். கையில் கார் சாவி. கதாநாயகி ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து, "அம்மா, வண்டி..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினான்.

பொய் என்று தெரிந்தும் எனக்கு என்னவோ செய்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பவுடர் எல்லாம் கோடு கோடாக இறங்கியது. முப்பத்தோரு வருஷத் திட்டுக்கு அழாதவர் அழுகிறாரே என்று மாமா பயந்து போய் நாற்காலியை நெருக்கிப் போட்டு அவர் கையைப் பிடித்தார்.

"ஏய், மார்கரெட்டு, அழுவாத மே. நான் இங்கதான் கீறேன், பாரு."

அத்தை கையை விடுவிக்கவில்லை, டிவியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"சும்மா இருய்யா. உன்னத்தான் பாத்துகினு கீறேன்."